போஸ்ட்ஃபிக்ஸில் எல்டாப் டேபிள்: மண்ணடி அலுவலகத்தில் பல வருட அனுபவம்

மண்ணடி தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் (சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்து அனுப்பிவைக்கும்) அலுவலகத்தின் மெயில் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடும் மெயில் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். இந்தத் தொழிலில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இன்று மணலி யார்டில் இருப்பவர் அடுத்த வாரம் திருவொற்றியூரில் இருப்பார், அதற்கடுத்த மாதம் வேறு கம்பெனியில் இருப்பார். முன்பெல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அலயாஸ் ஃபைலைத் (எந்த முகவரிக்கு வரும் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல்) திருத்தி, போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும். இப்போது ஊழியர் விவரம் முழுக்க ஓப்பன்எல்டாப் டைரக்டரியில், அதாவது எல்டாப் என்ற முறையில் கேட்டால் பதில் தரும் விவரத் தொகுப்பில் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அதைக் கேட்டுப் பார்க்கும் அமைப்புதான் எல்டாப் டேபிள். எச்ஆரில் இருக்கும் அக்கா ஒரு பதிவைத் திருத்தினால் போதும், அடுத்து வரும் மெயில் புதிய விவரத்தின்படியே போகும். மெயில் சர்வரைத் தொடவே வேண்டாம்.

உபுண்டு லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸுக்கான எல்டாப் ஆதரவு தனி பேக்கேஜாக வரும். அதைப் போட்ட பிறகு எழுத வேண்டியது ஒரு சின்ன ஃபைல்தான்: எந்த சர்வர், டைரக்டரியில் எந்தக் கிளையிலிருந்து தேடுவது, எந்த ஃபில்டர் (தேடும் நிபந்தனை), பதிலாக எந்த அட்ரிபியூட் (பதிவில் உள்ள ஒரு விவரம்) வேண்டும். டைரக்டரிக்குள் நுழைவதற்கான பைண்ட் பாஸ்வேர்டும் இதில்தான் இருக்கும் என்பதால், மற்ற யூசர்கள் படிக்க முடியாதபடி அனுமதியை இறுக்கிவிட வேண்டும். முக்கிய கான்ஃபிக் ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அங்கே பாஸ்வேர்டு எழுதக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த பலன் பெயர் விஷயத்தில் கிடைத்தது. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார். வாடிக்கையாளர்கள் ஷிப்பிங் பில் (ஏற்றுமதி ஆவணம்) நகலை எந்த எழுத்துக்கூட்டலில் அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. டைரக்டரியில் மெயில் அட்ரிபியூட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் வைக்கலாம் என்பதால், வழக்கமாக வரும் எல்லா வடிவங்களையும் அந்த ஒரே பதிவில் சேர்த்துவிட்டோம். தேடுவது மெயில் அட்ரிபியூட்டில், பதிலாக வாங்குவது யுஐடி, அதாவது யூசர் பெயர். பதிலையும் மெயில் அட்ரிபியூட்டிலிருந்தே கேட்டால் எல்லா முகவரிகளும் சேர்ந்து திரும்பி வரும். இதை ஆரம்பத்திலேயே பிரித்து வைப்பது நல்லது.

அந்தச் சின்ன ஃபைலில் டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பகுதி) என்றொரு அமைப்பு இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். அலயாஸ் டேபிளில் போஸ்ட்ஃபிக்ஸ் முழு முகவரியோடு நிற்காது. பதில் கிடைக்காவிட்டால் பெயர்ப் பகுதியையும் டொமைன் பகுதியையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்கும். வேறு டொமைன்களின் முகவரிகளுக்கும் நம் டைரக்டரியைக் கேட்கும். டொமைனைக் குறித்துவிட்டால் நமக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள் அங்கே போகவே போகாது. அதோடு டேபிள் பெயருக்கு முன்னால் ப்ராக்ஸி என்று சேர்த்தால், மெயிலைக் கையாளும் ஒவ்வொரு எஸ்எம்டிபி ப்ராசஸும் தனக்கென்று ஒரு இணைப்பைத் திறக்காமல் பொதுவான சில இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும். ஓப்பன்எல்டாப் பக்கம் மெயில் அட்ரிபியூட்டுக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போடுங்கள். போடாவிட்டால் லாகில் அதைப் பற்றிய வரிகள் குவியும்.

என்னை முழுதாக நம்ப வைத்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல பகுதிகளில் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை. டைரக்டரி சர்வர் இருந்த எங்கள் திருவொற்றியூர் அலுவலகத்தில் யுபிஎஸ் தீர்ந்து அது நின்றுபோனது. மெயில் சர்வர் வேறு இடத்தில் இருந்ததால் ஓடிக்கொண்டிருந்தது. வந்த ஒவ்வொரு மெயிலுக்கும் அது 451 என்று பதில் சொன்னது. தற்காலிகமாகத் தேட முடியவில்லை, பிறகு வா என்று அர்த்தம். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற 550 பதில் யாருக்கும் போகவில்லை. ‘இல்லை’ என்பதையும் ‘கேட்க முடியவில்லை’ என்பதையும் போஸ்ட்ஃபிக்ஸ் குழப்பிக்கொள்ளாது. அனுப்பிய சர்வர்கள் மெயிலைத் தங்கள் வரிசையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றன. போஸ்ட்ஃபிக்ஸில் அந்த வரிசையின் இயல்பான ஆயுள் 5 நாள். கரண்ட் வந்து டைரக்டரி எழுந்ததும் பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர் போன்ற சரக்கு ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த வாரம் ஒரு கன்சைன்மென்ட் மெயில் தொலைந்திருந்தால்கூட டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டியிருப்போம்.

குறைகளும் உண்டு. டைரக்டரி மெதுவானால் மெயிலும் மெதுவாகும். பதிலுக்குக் காத்திருக்கும் டைம்அவுட் இயல்பாக 10 விநாடி. டிஎல்எஸ் (இணைப்பில் போகும் தகவலை மறைத்துப் பாதுகாக்கும் முறை) விஷயத்தில் எனக்கு வருத்தமே உண்டு. சாதாரண இணைப்பை டிஎல்எஸ்ஸுக்கு மாற்றும் ஸ்டார்ட் டிஎல்எஸ் வேண்டுமானால் எல்டாப் வெர்ஷன் 3 அவசியம், சரி. ஆனால் சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பது நாம் சொன்னால்தான் நடக்கும். இயல்பில் அது ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதை மாற்றினாலும் முதலில் போஸ்ட்மேப்பை க்யூ ஆப்ஷனோடு ஓட்டி ஒரு முகவரியைக் கேட்டுப் பாருங்கள். சரியான பதில் வந்த பிறகே மெயில் சர்வரில் இணையுங்கள்.

புயலுக்குப் பிறகு மண்ணடியிலும் டைரக்டரியின் நகல் ஒன்றை வைத்து, சர்வர் வரியில் இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டோம். முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதைக் கேட்கும். பத்துப் பேருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு இவ்வளவும் தேவையில்லை, சாதாரண அலயாஸ் ஃபைலே போதும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கிளைகளும் இருக்கின்றன என்றால் தயங்காமல் எல்டாப்புக்கு மாறுங்கள். இரண்டாவது சர்வரை மட்டும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.