பழைய பீரங்கிப் பாகத்துக்கு 52 தகடு பிட்ச் கேஜ்: வாங்கலாமா?

காயலான் கடையில் கனமான கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) துண்டு ஒன்றை எடுத்து வைத்து, "பிரிட்டிஷ் கப்பல் பீரங்கியில இருந்தது சார்" என்று சொன்னால், அதைச் சோதிக்க முதலில் கையில் இருக்க வேண்டியது, மரைகளின் இடைவெளியை (பிட்ச்) தகடு வைத்துப் பார்க்கும் இந்தக் கேஜ்தான். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் லேத் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மெட்ரிக் மட்டும் உள்ளதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். ஒரு பக்கம் 55 டிகிரி மரைக்கோணம் கொண்ட பிரிட்டிஷ் விட்வொர்த் (அங்குலத்துக்கு 4 முதல் 62 மரை), மறுபக்கம் 60 டிகிரி மெட்ரிக் (0.25 முதல் 6 மி.மீ.) இரண்டும் சேர்ந்த 52 தகடு செட்டைக் கேளுங்கள்.

அளக்கும் முன் ஓர் எச்சரிக்கை. துண்டு கூம்பு வடிவில் இருந்து, சுற்றிலும் எண்கள் குறித்த வளையம் இருந்தால் அது குண்டை வெடிக்கச் செய்யும் பியூஸாக இருக்கலாம். திருகவோ தட்டவோ கூடாது. அப்படியே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மற்றவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரைக்குள் இருக்கும் அழுக்கை மூங்கில் குச்சியால் எடுங்கள். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் பழைய மேல்படலம் போய்விடும். கம்பி பிரஷ் பட்டால் முத்திரை எழுத்தே அழியும்.

அரை அங்குல மரையில் இந்தக் கேஜ் தெளிவாகப் பேசும்: 12 என்று எண் போட்ட தகடு உட்கார்ந்தால் விட்வொர்த், 13 என்றால் அமெரிக்க மரை. முக்கால் அங்குலத்தில்தான் ஏமாற்றும். அங்குலத்துக்கு 10 மரையும் 2.5 மி.மீ. மெட்ரிக்கும் நாலைந்து பல்லில் ஒன்றுபோலவே பொருந்தும். வெர்னியரால் பத்து மரையின் நீளத்தை அளந்தால் 25.4 அல்லது 25.0 என்று பிரிந்துவிடும். போதாததற்கு அமெரிக்க முக்கால் அங்குலத்துக்கும் 10 மரைதான். ஆனால் அதன் கோணம் 60 டிகிரி; அங்கே 55 டிகிரித் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பக்கவாட்டில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள்.

பெரிய குறை, பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைக்குத் தகடு இல்லாதது. பிரிட்டிஷ் கருவிகளின் சின்னத் திருகுகளில் அது நிறைய வரும்; கோணம் 47.5 டிகிரி. 0 பி.ஏ. 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச். மெட்ரிக் தகடு கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடுவதால், பிரிட்டிஷ் பாகத்தை "இது வேறு நாட்டுச் சாமான்" என்று ஒதுக்கிவிட நேரும். பி.ஏ. கேஜைத் தனியாகத்தான் தேட வேண்டும். உள்மரைத் துளை சிறிதாக இருந்தாலும் தகடு நுழையாது. மெழுகில் அச்செடுத்து அளக்கலாம்.

மரை சொல்வது நாட்டைத்தான். எந்தப் பீரங்கி என்பதை முத்திரைதான் சொல்லும். அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்து என்று காட்டும், கடற்படை என்பதற்கு அது மட்டும் போதாது. வி.எஸ்.எம். என்றால் விக்கர்ஸ், சன்ஸ் அண்ட் மாக்சிம். 1897 முதல் 1911 வரை இருந்த பெயர். ஈ.ஓ.சி. என்றால் எல்ஸ்விக் பீரங்கி நிறுவனம். '12 பி.ஆர்.' என்றிருந்தால் 3 அங்குலக் குழாய் கொண்ட 12 பவுண்டர் பீரங்கியில் தேடத் தொடங்கலாம். கேஜோடு பத்து மடங்கு லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.