“ஸ்டேட்டஸ் தரும் டூல்” வாங்குவதற்கு முன் அதன் விளக்கத்தைப் படித்துவிடுங்கள்

நம் சர்வீஸ்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஏஐ ஏஜென்ட்டுக்குச் சொல்ல, ரெடிமேடாக விற்கும் ஒரு ஸ்டேட்டஸ் டூலுக்கு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டி ஏமாந்தோம். விற்றவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்களும் இதுபோன்ற ஒன்றை வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

எங்களுடையது சின்ன டீம். இரவு ட்யூட்டியில் ஒருவர்தான் இருப்பார். அலர்ட் வந்தால் பத்து டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பதற்குப் பதில் ஏஜென்ட்டிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இந்த எம்சிபி சர்வரை வாங்கினோம் (எம்சிபி என்பது ஏஐ ஏஜென்ட்டை வெளி டூல்களோடு இணைக்கும் பொது விதிமுறை; அந்த டூல்களைத் தருவது சர்வர்). டெமோ ஜோராகத்தான் இருந்தது.

ஒரு நாள் இரவு பேமென்ட்கள் வரிசையாகத் தோல்வியடைந்தன. ட்யூட்டியில் இருந்தவர் “பேமென்ட் சர்வீஸ் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். “எந்தக் கோளாறும் பதிவாகவில்லை, சீராக இயங்குகிறது” என்றது ஏஜென்ட். அப்படியென்றால் தப்பு நம் கோடில்தான் என்று, அன்று மாலை வெளியிட்ட ரிலீஸை அவர் திரும்பப் பெற்றார். மறுபடி கேட்டார். அதே பதில். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. அப்புறம் என்னை எழுப்பினார். நான் கன்சோலை நேரடியாகத் திறந்து பார்த்தால், பேமென்ட் கேட்வே மொத்தமாகப் படுத்துக் கிடக்கிறது.

காலையில் லாகைப் படித்தேன். ஏஜென்ட் கேட்ட பெயர் “பேமென்ட்ஸ்”. எங்கள் அமைப்பில் பதிவாகியிருக்கும் பெயர் “பே-கேட்வே-ப்ராட்”. தெரியாத பெயர் வந்தால் டூல் பிழை என்று சொல்ல வேண்டும். எம்சிபியில் அதற்கென்றே ஒரு பிழைக்கொடி இருக்கிறது. இதுவோ வெற்றி என்று சொல்லி, ஒரு காலிப் பட்டியலைத் தந்திருக்கிறது. ‘அப்படி ஒரு சர்வீஸே இல்லை’ என்பதற்கும் ‘சர்வீஸில் கோளாறே இல்லை’ என்பதற்கும் ஒரே பதில்! ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடல் பாவம், அதற்கு என்ன தெரியும்?

சரியான பெயரைக் கொடுத்தும் பார்த்தேன். அப்போதும் அது எங்கள் சர்வீஸைத் தொடவே இல்லை. க்ளவுட் நிறுவனத்தின் பொது ஸ்டேட்டஸ் பக்கத்தை 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொண்டு, அதையே திருப்பித் தருகிறது. பொது ஸ்டேட்டஸ் பக்கங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் க்ளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3 விழுந்தபோது, அவர்களுடைய ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் சர்வீஸ்களின் நிலையைச் சுமார் இரண்டு மணி நேரம் மாற்ற முடியவில்லை. அதை நிர்வகிக்கும் கன்சோலும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் அந்த டூலின் விளக்கம் ஒரே வரி: “சர்வீஸின் ஸ்டேட்டஸைத் தரும்.” எந்த சர்வீஸ், யார் சொல்லும் ஸ்டேட்டஸ், எத்தனை நிமிடம் பழையது என்று எதுவும் இல்லை.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். முதலில் “உங்கள் மாடல் தவறாகப் புரிந்துகொண்டது” என்றார்கள். விடாமல் கேட்டபோது, “டாக்குமென்டேஷனில் எல்லாம் தெளிவாக இருக்கிறதே” என்றார்கள். உண்மைதான், 30 நிமிடக் கணக்குகூட அங்கே இருக்கிறது. ஆனால் மாடல் அந்தப் பக்கத்தை எங்கே படிக்கிறது? டூலின் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் இன்புட் ஸ்கீமா, இவைதான் அதன் கண்ணில் படும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: “டூல் விவரித்தபடியே இயங்குகிறது.” அதுவும் சரிதான். எதையுமே சொல்லாத விளக்கத்தை எப்படி மீற முடியும்!

அதே தொகுப்பில் “சர்வீஸைச் சரிபார்க்கும்” என்று இன்னொரு டூல் இருந்தது. அது சரிபார்க்கும் சாக்கில், திறந்திருக்கும் அலர்ட்டைப் ‘பார்த்தாயிற்று’ என்று குறித்துவிடும். இத்தனைக்கும் படிக்க மட்டுமே செய்யும் டூல் என்ற குறிப்பு அதில் இருந்தது. அந்தக் குறிப்புகள் வெறும் குறிப்புகள்தான், நம்பகமில்லாத சர்வரிடமிருந்து வந்தால் நம்ப வேண்டாம் என்று எம்சிபி விதிமுறையே சொல்கிறது. நான் அதைப் பிறகுதான் படித்தேன்.

இப்போது நாங்களே ஒரு சின்ன டூல் எழுதிக்கொண்டோம். அதன் விளக்கம் இது: “எங்கள் சர்வீஸ் ஒன்றின் தற்போதைய நிலையை, அதன் ஹெல்த் முகவரியை நேரடியாக அழைத்துச் சொல்லும். பெயர் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் பட்டியல் டூலை அழைக்கவும். தெரியாத பெயருக்குப் பிழை வரும். அதைச் சீராக இருப்பதாகக் கொள்ளக் கூடாது. பதிலில் சோதித்த நேரம் யூடிசியில் இருக்கும். கடந்த காலக் கோளாறுகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். எதையும் மாற்றாது.” நீளம்தான், மாடல் படிக்கும் ஒவ்வொரு முறையும் டோக்கன் (மாடல் உரையை எண்ணும் அலகு) செலவாகும். ஆகட்டும்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், டெமோவில் அவர்கள் காட்டுவதைப் பார்க்காமல் டூல் பட்டியலை அப்படியே கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்புறம் இல்லாத ஒரு சர்வீஸின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எங்களுக்கு இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

போன வாரம் அவர்களுடைய புதிய பதிப்பைப் பார்த்தேன். விளக்கத்தில் ஒரு வார்த்தை கூடியிருக்கிறது: “சர்வீஸின் உடனடி ஸ்டேட்டஸைத் தரும்.” கேஷ் அதே 30 நிமிடம்தான்.