சூளையைத் தாண்டி நிற்கும் நிறங்கள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

புதுச்சேரியில் வீட்டுப் பெயர்ப்பலகை செய்து தருவதில்தான் என் பட்டறை தொடங்கியது. நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தாகத் தமிழும் பிரெஞ்சும் எழுதிய இந்த ஊர்த் தெருப்பலகைகளைப் பார்த்துப் பழகியவர்கள், தங்கள் வாசலுக்கும் அதே போல ஒன்று வேண்டும் என்று கேட்பார்கள். முதல் இரண்டு ஆண்டுகள், கடையில் வாங்கிய வெள்ளை டைல் மீது அக்ரிலிக் வண்ணத்தில் எழுதி, மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்தேன். கிழக்குப் பார்த்த வாசல்களில் மாட்டியவை இரண்டு கோடைக்குள் வெளுத்துவிட்டன. கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் வார்னிஷ் பாம்புச் சட்டையைப் போல உரிந்து வந்தது. அந்த வீட்டாருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு 2018இல் சிறிய மின்சூளை ஒன்றை வாங்கினேன். அது முதல் ஆறு ஆண்டுகளாகக் களிமண் பலகைகளிலும் பாத்திரங்களிலும் வெவ்வேறு நிறப்பொடிகளைத் தீட்டிச் சுட்டுப் பார்த்ததில் எவை நிலைத்தன, எவை ஏமாற்றின என்பதை இங்கே எழுதுகிறேன்.

பட்டறையில் ஸ்டெயின் என்று சொல்லும் நிறப்பொடி, உலோக ஆக்சைடுகளை வேறு கனிமங்களோடு கலந்து, அதிக வெப்பத்தில் முன்கூட்டியே சுட்டு, அரைத்து எடுத்தது. ஏற்கெனவே ஒரு முறை தீயைக் கடந்து வந்த பொருள் என்பதால், நான் சுடும் 1,220 டிகிரி செல்சியஸ் அதற்குப் புதிதன்று. கடைகளில் விற்கும் பூப்போட்ட கோப்பைகளில் பல, சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் கிளேஸ் என்ற பூச்சைப் பூசிச் சுட்ட பிறகு மேலே படத்தை ஒட்டி, 750 முதல் 850 டிகிரிக்குள் மறுபடி சுட்டவை. அந்தக் குறைந்த சூட்டில் எல்லா நிறமும் எளிதாகப் பளிச்சென்று வந்துவிடும். ஆனால் நிறம் மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருப்பதால், புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கும் நம் வீடுகளில் பூ மெல்ல மெல்ல மறைந்துவிடும். நான் முதல் சூடு கண்ட ஓட்டின் மீது நிறத்தைத் தீட்டி, அதன்மேல் நிறமற்ற கிளேஸைப் பூசிச் சுடுகிறேன். நிறம் கண்ணாடிக்கு அடியில் அடைபட்டுவிடுவதால் வெயிலோ உப்புக்காற்றோ தேங்காய் நாரோ அதைத் தொடுவதில்லை. 2018இல் நான் மாட்டிய முதல் பலகையைக் கடந்த மாதம் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். பட்டறையில் வைத்திருக்கும் மாதிரித் துண்டுக்கும் அதற்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை.

தெருப்பலகை நீலத்துக்குக் கோபால்ட்டைத்தான் முதலில் எடுத்தேன். கோபால்ட் ஆக்சைடு மிகவும் வீரியமானது. கிளேஸில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே கருநீலம் வந்துவிடும். அதன் குற்றமும் அந்த வீரியத்திலேயே இருக்கிறது. உருகும் கிளேஸில் அது கரைந்து பரவுவதால், நீலத் தளத்தின் நடுவே விட்ட வெள்ளை எழுத்துகளின் ஓரம், ஈரத்தாளில் மை ஊறியது போலக் கசிந்தது. 'ழ'வின் சுழியும் 'ண'வின் சுழிகளும் அடைத்துக்கொண்டு படிக்க முடியாமல் போன பலகைகள் இன்னும் என் கொல்லைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. ஆக்சைடை விட்டுவிட்டு, கோபால்ட்டை அலுமினாவோடு சேர்த்துச் சுட்ட நிறப்பொடிக்கு மாறி, அதில் கொஞ்சம் சீனாக்களிமண்ணும் கலந்து, மேல் கிளேஸையும் சற்று மெல்லியதாகப் பூசத் தொடங்கிய பின்னரே ஓரங்கள் கூர்மையாக நின்றன.

பச்சையில் பட்ட அடி வேறு வகையானது. கிளிப்பச்சையில் கொடி வரைந்த பலகை ஒன்றைக் குரோமியப் பச்சை கொண்டு செய்து சூளையைத் திறந்தபோது, காய்ந்த வாழைச்சருகின் நிறத்தில் இலைகள் இருந்தன. நிறப்பொடி விற்றவர் கலப்படம் செய்துவிட்டார் என்று சண்டைக்கே போய்விட்டேன். குற்றம் என் வாளியில் இருந்தது. பளபளப்புக்காக நான் கிளேஸில் சேர்த்திருந்த துத்தநாக ஆக்சைடு, குரோமியத்தோடு சேர்ந்தால் பழுப்பைத்தான் தரும். அன்று முதல் துத்தநாகம் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வாளி கிளேஸ் வைத்திருக்கிறேன். கிளிப்பச்சைக்கோ குரோமியத்தையே நாடுவதில்லை: பிரசியோடைமியம் மஞ்சளையும் வனேடியம் நீலத்தையும் கலந்தால் தெளிவான பச்சை கிடைக்கிறது, துத்தநாகத்தைப் பற்றிய கவலையும் இல்லை.

அந்த மஞ்சளும் நீலமும் இத்தனை ஆண்டுகளில் என்னை ஒரு முறையும் கைவிடாதவை. இரண்டிலும் நிறம் தரும் தனிமம் சிர்க்கான் என்னும் கனிமத்தின் படிகத்துக்குள்ளேயே இடம் பிடித்திருக்கிறது. சிர்க்கான் உருகும் கிளேஸில் எளிதில் கரைவதில்லை என்பதால் நிறமும் அசைவதில்லை. மஞ்சள், பிரெஞ்சுக் குடியிருப்புச் சுவர்களின் மஞ்சளைவிடச் சற்று எலுமிச்சைச் சாயலோடு வரும். நீலமோ கோபால்ட்டின் ஆழம் இல்லாத, வானத்தை ஒட்டிய நீலம். இதே குடும்பத்தில் இரும்பைச் சிர்க்கானுக்குள் பொதிந்த பவள நிறம் ஒன்றும் உண்டு. கோவில் சுவர்க் காவியை நினைவூட்டும் அந்த நிறத்துக்கு, எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் ஆசைப்படுகிறார்கள்.

குங்குமச் சிவப்புதான் என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது. காட்மியமும் கந்தகமும் செலினியமும் சேர்ந்த அந்தச் சேர்மம், தனியாக விட்டால் 1,000 டிகிரிக்கு முன்பே சிதைந்து நிறமிழந்துவிடும். அதனால் ஒவ்வொரு துகளையும் சிர்க்கான் கூட்டுக்குள் அடைத்து விற்கிறார்கள். மற்றப் பொடிகளைவிட விலை பல மடங்கு. வாங்கிய உற்சாகத்தில் வழக்கம் போல அரைக்கும் உருளை ஆலையில் கிளேஸோடு சேர்த்து நான்கு மணி நேரம் ஓட்டினேன். கூடு உடைந்தால் உள்ளே இருப்பது வெந்துபோகும் என்ற எளிய கணக்கு அப்போது எனக்குத் தோன்றவில்லை. சூளையிலிருந்து சாம்பல் பூத்த தவிட்டு நிறமும் மேலெல்லாம் ஊசித்துளைகளுமாக வந்தது. இப்போது கிளேஸை முழுதாக அரைத்துச் சலித்த பிறகு, கடைசியில் சிவப்பைப் போட்டுக் கையாலேயே கலக்குகிறேன். நூற்றுக்குப் பத்துப் பங்கு பொடியும், அதோடு மூன்று பங்கு சிர்க்கோனியம் சிலிகேட்டும் சேர்த்து, தடிமனாகப் பூசினால் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது. மெல்லியதாகப் பூசினால் வெளுத்த ரோஜா நிறம்தான் மிஞ்சும். உச்ச வெப்பத்தில் சூளையை நெடுநேரம் நிறுத்தி வைப்பதையும் விட்டுவிட்டேன்.

குரோமியமும் வெள்ளீயமும் கலந்த இளஞ்சிவப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. துத்தநாகம் இல்லாத, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிளேஸ் கிடைத்தால் அழகாக வரும், இல்லாவிட்டால் சாம்பலாகும். வெள்ளீயத்தால் வெண்மையூட்டிய என் தட்டுகளை ஒரு முறை விருத்தாசலம் பக்கத்தில் வாடகைச் சூளை ஒன்றில் சுடக் கொடுத்தேன். சூளையின் பக்கத்து அடுக்கில் வேறொருவரின் குரோமியப் பச்சைப் பாத்திரங்கள் இருந்தன. குரோமியம் ஆவியாகிப் பரவி, என் வெள்ளைத் தட்டுகள் ஒரு பக்கம் மட்டும் வெட்கப்பட்டது போலச் சிவந்து வந்தன. ஒரு வாடிக்கையாளர் அவற்றைத்தான் விரும்பி வாங்கிக்கொண்டு போனார் என்பது தனிக் கதை.

சாப்பிடும் பாத்திரத்தின் உட்புறத்தில் காட்மியச் சிவப்பை நான் பூசுவதில்லை. கூடு காக்கும் என்று விற்பவர்கள் சொன்னாலும், ரசமும் எலுமிச்சை ஊறுகாயும் படும் இடத்தில் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பது என் முடிவு. ஆய்வகத்தில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற வைத்து, அதில் எவ்வளவு காட்மியமும் ஈயமும் இறங்குகின்றன என்று அளப்பார்கள். வீட்டில் எலுமிச்சைத் துண்டை இரவு முழுதும் வைத்துப் பார்ப்பது, கிளேஸ் மோசம் என்றால் காட்டிக்கொடுக்கும். நிறம் மாறாததாலேயே பாத்திரம் பாதுகாப்பானது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. உலர்ந்த பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடையே போடுவேன்.

நிறம் மாறி வரும்போதெல்லாம் பொடியைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் சூளையின் வெப்பமானியை நான் கேள்வி கேட்டதில்லை. மூன்றாம் ஆண்டில் குறிப்பிட்ட சூட்டில் வளையும், கோன் எனப்படும் சிறு கூம்புகளைப் பக்கத்தில் வைத்துச் சுட்டபோதுதான், கருவி 1,220 என்று காட்டும் நேரத்தில் சூளை அதைத் தாண்டிப் போயிருந்தது தெரிந்தது. மெதுவாக ஏற்றினால் ஆறாம் எண் கூம்பு ஏறக்குறைய 1,222 டிகிரியில் வளையும். இப்போது ஒவ்வொரு சூட்டிலும் மேல்தட்டில் ஒன்றும் கீழ்த்தட்டில் ஒன்றும் வைக்கிறேன். மேலும் கீழும் வளைவில் எப்போதும் கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது. அதனால் சிவப்பைச் சூடு குறைந்த கீழ்த்தட்டிலும், மஞ்சளையும் வனேடியம் நீலத்தையும் மேல்தட்டிலும் அடுக்குகிறேன். சிவப்பும் மஞ்சளும் கலந்து எடுக்கும் கனகாம்பர நிறம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஏழாவது மாதிரித் துண்டு இப்போது கீழ்த்தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது.