பழைய குடித்தனக் கட்டடமா, கட்டி முடித்த புதியதா?

நகருக்குள் பல குடித்தனங்கள் உள்ள கட்டடத்தை வாங்க இறங்கினால், விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வயதான கட்டடம்: நான்கு குடித்தனம், விளம்பரத்தின் கடைசி வரியில் ‘மேலும் கட்ட வாய்ப்புண்டு’. மற்றொன்று, அனுமதித்த பரப்பு முழுவதையும் கட்டித் தீர்த்த புதுக் கட்டடம். காலி மனையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாடகை தராத சொத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் தெம்பு எனக்கில்லை.

நான் வாங்கியது பழையதை. ஆகவே சாய்வோடுதான் எழுதுகிறேன்.

நான்கு குடித்தனத்தில் ஒன்று காலியானால் போவது கால் பங்கு வாடகை மட்டும் என்ற வசதி இரண்டிலுமே உண்டு. புதியதில் பராமரிப்புத் தொல்லை குறைவு, வங்கிகள் நீண்ட காலக் கடன் தரத் தயங்குவதில்லை. ஆனால் அதன் வருமானம் இன்றைய வாடகையோடு நின்றுவிடுகிறது. வாடகை ஏறினால் உண்டு, இல்லையேல் இல்லை.

பழையதை எடுப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: அந்த ‘வாய்ப்பு’ நிஜமா?

முதலில் காகிதக் கணக்கு. மனை 300 சதுர மீட்டர், தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 கட்டலாம், ஏற்கெனவே இருப்பது 400, மீதி 200. விற்பவர் இந்த 200-க்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். பக்கவாட்டில் விட வேண்டிய இடம், உயர வரம்பு, தெருவின் அகலம், புதிய குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் காட்ட வேண்டிய கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாக அதில் கை வைக்கும். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தில்தான் கணக்கு உடைகிறது. மேலே வீடு கட்ட வானம் திறந்து கிடக்கும். கீழே ஒரு காரைத் திருப்ப இடமிருக்காது.

காகிதம் சரியாக வந்தாலும் அஸ்திவாரம் ஒப்புக்கொள்ள வேண்டும். 100 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு கான்கிரீட் தளம் போட்டால், கன மீட்டருக்கு இரண்டரை டன் வீதம் அது மட்டுமே முப்பத்தேழரை டன். ஆள், தட்டுமுட்டுச் சாமான் என்று சதுர மீட்டருக்கு 200 கிலோ சேர்த்தால் இன்னொரு 20 டன். சுவரும் பூச்சும் தண்ணீர்த் தொட்டியும் இதில் சேரவில்லை. இவ்வளவையும் பழைய தூண்கள்தான் சுமந்தாக வேண்டும்.

எனவே கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் போனேன். அவர் தரைத்தளத் தூண் ஒன்றில் பூச்சை நீக்கி, கான்கிரீட்டைச் சிறிது உடைத்து, உடைந்த முகத்தில் பீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார். காரத்தன்மை உள்ள இடம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கிக் காரம் குறைந்த இடம் நிறமற்று நிற்கும். நிறமற்ற பட்டை தூணுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டால், ஈரம் பட்டதும் துருப்பிடிக்க வழி திறந்துவிட்டது என்று பொருள். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நாங்கள் பார்த்த தூணில் நிறமற்ற பட்டை கம்பிக்கு எட்டவில்லை. அஸ்திவாரத்தின் ஒரு மூலையையும் தோண்டிப் பார்த்த பிறகு, ஒரு மாடி ஏற்றலாம், அதுவும் கனம் குறைந்த சுவர்களோடு என்றார். தரகர் அதுவரை இரண்டு மாடிக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்!

பேரம் அங்கேதான் திரும்பியது. இன்றைய வாடகைக்கு என்ன விலை பொருந்துமோ அதைத்தான் கொடுப்பேன், வராத மாடிக்குப் பணம் கிடையாது என்று நின்றேன். விற்பவர் சற்று முறுக்கிக்கொண்டார். பிறகு இறங்கி வந்தார். என் சாய்வுக்கு முழுக் காரணமும் இதுதான். வாடகைக் கணக்கிலேயே கட்டுபடியாகும் விலைக்குக் கிடைத்தால் பழையது நல்ல சரக்கு. வாய்ப்புக்கும் சேர்த்து விலை கேட்டால் புதியதே மேல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நான் இன்னும் மேலே கட்டவில்லை. கீழே குடித்தனக்காரர்களை வைத்துக்கொண்டு மேலே வேலை நடத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது. குளியலறைகளும் சமையலறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால் கழிவுநீர்க் குழாயை அப்படியே நீட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். மறுவிற்பனையிலும் அப்படித்தான். வாடகைக்கு வாங்குபவர், இடித்துக் கட்ட வாங்குபவர் என இரு தரப்பும் வரும் என்பது என் ஊகம். விற்றுப் பார்த்தவன் அல்ல நான்.

வெளியூரில் இருந்துகொண்டு, குழாய் ஒழுகினால் யாரை அனுப்புவது என்று தவிப்பவராக இருந்தால், விலை கூடினாலும் புதியதை வாங்குங்கள். பழையதுதான் என்று முடிவு செய்தால், பூச்சை உடைத்தும் அஸ்திவாரத்தைத் தோண்டியும் பார்க்க, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அதற்கு மறுப்பவரிடம் விலை பேசவே உட்கார வேண்டாம்.