முதல் சமையல் வகுப்பு: செய்து காட்டுவதா, செய்ய வைப்பதா, திரையில் நடத்துவதா?

வீட்டில் நன்றாகச் சமைக்கிற ஒருவர் முதல்முறையாக வகுப்பெடுக்கக் கிளம்பினால், என்ன சமைப்பது என்றுதான் முதலில் யோசிப்பார். அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் செய்ய, வந்தவர்கள் பார்ப்பதா? அவர்களே அடுப்பு முன் நின்று செய்வதா? இல்லை, ஆளாளுக்கு அவரவர் வீட்டில் இருக்க, நீங்கள் திரையில் வருவதா? இதைப் பொறுத்து ஆள் எண்ணிக்கை, பாத்திரம், நேரம் எல்லாம் மாறும். சமைக்கும் பண்டமே மாறும்.

ஒப்பிட ஏதாவது ஒரு பொது அளவு வேண்டுமே. 8 பேர், 2 மணி நேரம், வெங்காய சூப் என்று வைத்துக்கொள்வோம். வெங்காயத்தை நிதானமாக வதக்கிப் பழுப்பாக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடும் எளிய சூப். பொருள் குறைவு, பக்குவம் முழுக்கக் கண்ணிலும் காதிலும் இருக்கிறது. எந்த முறை எங்கே இடறும் என்பதை இது நன்றாகக் காட்டிக்கொடுத்துவிடும். முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: முதல் வகுப்புக்குச் செய்து காட்டும் முறைதான் சரி. அதிலும் ஒரே ஒரு வேலையை வந்தவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

எந்த முறையானாலும் தராசு முதலில்

கண்ணளவில் சமைப்பவரிடம் "உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் "தேவையான அளவு" என்பார். வகுப்பில் அந்தப் பதில் எடுபடாது. அதற்காக ஸ்பூனால் அளந்து அளந்து சமைத்துப் பார்க்கவும் வேண்டாம். கைப்பழக்கம் தடுமாறி ருசியே மாறிவிடும். வழக்கம்போலவே ஒருமுறை சமையுங்கள். ஆனால் உப்பு டப்பா, எண்ணெய்ப் பாட்டில், மாவு டப்பா ஒவ்வொன்றையும் சமைப்பதற்கு முன்பும் பின்பும் 1 கிராம் துல்லியமுள்ள தராசில் வையுங்கள். குறைந்திருக்கும் எடைதான் உங்கள் அளவு. இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் சராசரி கிடைத்துவிடும்.

செய்முறைத் தாளில் கிராம் கணக்கே போடுங்கள். கப் என்பது ஓரிடத்தில் 240 மில்லி, இன்னோரிடத்தில் 250 மில்லி. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஒரு டீஸ்பூன் பொடி உப்பு சுமார் 6 கிராம் நிற்கும், அதே ஸ்பூனில் சில்லு சில்லான உப்பு அதில் பாதிதான். மைதாவைக் கப்பால் அள்ளினால் 150 கிராம் வரை போகும். ஸ்பூனால் தூவி நிரப்பினால் 120 தான். "நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், வரவில்லை" என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

நேரத்தையும் வெறும் நிமிடமாக எழுதாதீர்கள். "வெங்காயம் கண்ணாடி போலாகி, ஓரத்தில் நீர் வற்றும்வரை, ஏறக்குறைய 12 நிமிடம்" என்று அடையாளம் முன்னும் நிமிடம் பின்னுமாக எழுதுங்கள். ஒருவர் அடுப்பைப் போல இன்னொருவர் அடுப்பு இருக்காது.

செய்து காட்டும் வகுப்பு

இதில் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதது எதுவுமே கிடையாது. ஒரு அடுப்பு, ஒரு கத்தி, ஒரு சட்டி. 8 பேர் என்ன, 15 பேர் வந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டுவதும் இந்த முறையில்தான். வெங்காயம் பழுப்பாக 40 முதல் 45 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் ஒரே சட்டியை எவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதற்குத் தீர்வு மூன்று சட்டிகள். முதலாவது வகுப்பில் உங்கள் கையால் தொடங்குவது. இரண்டாவது, வகுப்பு தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே அடுப்பில் ஏற்றி, வெங்காயம் வதங்கித் தங்க நிறத்துக்கு வந்ததும் இறக்கி வைத்தது. மூன்றாவது ஆழ்ந்த பழுப்பு வரை போனது. மூன்றையும் அருகருகே வைத்தால் வந்தவர்கள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். 45 நிமிடத்தில் நடப்பது 5 நிமிடத்தில் விளங்கிவிடும். ஈஸ்ட் போட்ட மாவுக்கும் இதுவே வழி: பிசைந்தது ஒன்று, உப்பியது ஒன்று, வெந்தது ஒன்று.

"சீக்கிரம் பழுப்பாக்க வழி இல்லையா?" என்ற கேள்வி வந்தே தீரும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடி நிறம் வேகமாக ஏறும். ஆனால் வெங்காயம் குழைந்து கூழாகும், சோடா சற்று மிஞ்சினாலும் சோப்பு வாடை தட்டும். வாயால் சொல்வதைவிட, சோடா போட்டது ஒரு கிண்ணம், போடாதது ஒரு கிண்ணம் என்று முன்கூட்டியே தயாராக வைத்து நீட்டுங்கள். விவாதமே இருக்காது.

புதிதாக எடுப்பவர்கள் இந்த முறையில் செய்யும் தவறுகளில் முக்கியமானது அளவைப் பெருக்குவது. எல்லோருக்கும் ருசி பார்க்கக் கிடைக்கட்டும் என்று 1 கிலோ போட வேண்டிய சட்டியில் 3 கிலோ போடுவார்கள். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அகலம் கூடாமல் உயரம் மட்டும் கூடினால் அந்த நீர் ஆவியாக இடமில்லாமல், வதங்குவதற்குப் பதில் வெந்துகொண்டே இருக்கும். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறம் வேகமாக ஏற 140 டிகிரியாவது வேண்டும். அதனால் 28 செ.மீ. சட்டியில் 1 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ருசி பார்க்கத் தருவதை முன்பே தனியாகச் சமைத்துவிடலாம்.

இன்னொன்று, கை வாயை முந்துவது. பழகிய கை 2 நிமிடத்தில் வெங்காயத்தை நறுக்கித் தள்ளிவிடும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். முதலில் சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள், பிறகு சட்டியைச் சாய்த்துக் காட்டுங்கள். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் 30 நிமிடம் பிடிக்கும் சமையல் வகுப்பில் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதைக் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள்.

உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டியின் வெளிப்புறம்தான் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். மேலே கண்ணாடி மாட்டலாம், போனை ஸ்டாண்டில் பொருத்திப் பெரிய திரையில் காட்டலாம். எதுவும் இல்லாவிட்டால் முக்கியமான கட்டங்களில் நான்கு நான்கு பேராக எழுந்து வரச் சொல்லுங்கள்.

செய்ய வைக்கும் வகுப்பு

கற்றுக்கொள்வது அதிகம் இதில்தான் நடக்கும், மறுக்க முடியாது. கையில் பதம் படாமல் மாவு பிசைய யாருக்கும் வராது. ஆனால் முதல் வகுப்பை இப்படி வைப்பவர் ஆசிரியராக இருக்க மாட்டார், தீயணைப்பு வீரராகத்தான் ஓடிக்கொண்டிருப்பார்.

நேரக் கணக்கைப் பாருங்கள். புதியவர்கள் இருவர் சேர்ந்து அரைக் கிலோ வெங்காயத்தை 3 மி.மீ. கனத்தில் நறுக்க 20 நிமிடம். பழுப்பாக்க 40. கொதிக்க 20. அறிமுகமும் கை கழுவுவதும் 15, சாப்பிட்டுப் பாத்திரம் ஒழிக்க 25. கூட்டினால் சரியாக 2 மணி நேரம். எங்கும் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. வகுப்பு எப்போதும் கடைசி ஜோடியின் வேகத்தில்தான் நகரும்; அவர்கள் 10 நிமிடம் பின்தங்கினால் மற்றவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எனவே இந்த முறை என்றால் சூப்பைக் கைவிட்டு ஆம்லெட்டுக்கு மாறுங்கள். 20 செ.மீ. தவா, 2 முட்டை, இரண்டே நிமிடம். ஒவ்வொருவரும் இரண்டு முறை போடலாம். அந்த இரண்டாவது முறைக்காகத்தான் செய்ய வைக்கும் வகுப்பே: முதல் ஆம்லெட்டில் தீ அதிகமாகி ஓரம் கருகும், இரண்டாவதில் கை தானாகவே தீயைக் குறைக்கும். ஒரே ஒரு தடவை செய்து அனுப்பினால் தவறு மட்டும்தான் மனதில் தங்கும். 8 பேருக்கு 32 முட்டை, கூடவே உடைந்து வீணாவதற்கு ஆறு.

ஜோடி ஜோடியாக நிறுத்துங்கள், மூவராக வேண்டாம். மூன்றாமவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், இல்லையென்றால் பாத்திரம் கழுவுவார். ஆக 4 அடுப்பு வேண்டும். புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். கரண்ட் அடுப்பு ஒன்று 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட், 16 ஆம்பியர் சர்க்யூட் (ஒரே ஃபியூஸில் ஓடும் மின் இணைப்பு) தாங்குவது 3,680 வாட். ஒரே சர்க்யூட்டில் இரண்டு அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் அளவு மீறி டிரிப் ஆகலாம். 120 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் மொத்தமே 1,800 வாட்தான், அதில் ஒரு அடுப்பே ஏறக்குறைய முழுவதையும் தின்றுவிடும். சாக்கெட் வேறாக இருப்பதால் சர்க்யூட்டும் வேறு என்று எண்ணிவிடாதீர்கள். முந்தைய நாளே எல்லா அடுப்பிலும் தண்ணீர் வைத்து ஒரே நேரத்தில் கொதிக்கவிட்டுப் பாருங்கள். கையடக்க கேஸ் அடுப்பு என்றால் வேறொரு ஆபத்து: கேஸ் டப்பா இருக்கும் பக்கத்தை மறைக்கிற அளவு பெரிய பாத்திரத்தை வைத்தாலோ, இரண்டு அடுப்பை ஒட்டி வைத்தாலோ டப்பா சூடாகி வெடிக்கலாம்.

கத்தி விஷயத்தில் மழுங்கல்தான் ஆபத்து. அழுத்த வேண்டியிருப்பதால் வழுக்கும். எல்லாக் கத்தியையும் தீட்டி, எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள். நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள். விரல் நுனியை உள்ளே மடக்கிப் பிடிப்பதை முதல் வெங்காயத்திலேயே ஒவ்வொருவரிடமும் போய்ப் பாருங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். இதைத் தீ வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. உதவிக்கு ஒருவர் இல்லாமல் இந்த வகுப்பைத் தொடவே வேண்டாம். 4 ஜோடி வரை அந்த ஒருவர் போதும்.

திரை வழி வகுப்பு

இடம் வேண்டாம், பாத்திரம் வேண்டாம் என்பதால் இதுதான் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றிலும் இதுதான் கடினம். உங்களுக்கு வாசனை தெரியாது, அவர்கள் சட்டி தெரியாது, "மிதமான தீ" என்று நீங்கள் சொல்வது ஆறு வீட்டில் ஆறு விதமாக எரியும்.

போன் கேமரா வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகச் சரிசெய்துகொள்ளும். பழுப்பு நிறம்தான் பாடம் என்னும்போது இது பெரிய வில்லங்கம். தங்க நிறம் வந்ததும் வராததும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். வெளிச்சமும் நிறமும் தானாக மாறாதபடி கேமராவில் பூட்டிவிடுங்கள். சட்டி அருகே ஒரு வெள்ளைத் தட்டை வைத்தால் கண் அதை வைத்து நிறத்தைக் கணிக்கும். கேமராவைச் சட்டிக்கு நேர் மேலே மாட்டினால் ஆவி படிந்து லென்ஸ் மங்கும், போன் சூடாகி அணைந்தும் போகும். தோள் உயரத்தில் சாய்வாக வையுங்கள். ஒலியிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பின்னணி இரைச்சலை அடக்கும் வசதி, வதங்கும் சத்தத்தையும் இரைச்சலாக எண்ணி அழித்துவிடும். நீர் வற்றியதும் சத்தம் மாறுவதை நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

பொருள் பட்டியலை ஒரு வாரம் முன்பே அனுப்பி, அவரவர் சட்டியின் விட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். குறிப்பிட்ட கட்டங்களில் எல்லோரும் கேமராவைச் சட்டிக்குள் காட்ட வேண்டும் என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள்.

சாப்பிடக் கொடுக்கும்போது

யாருக்கு என்ன ஒவ்வாது என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள்: பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், எள், மீன், இறால் நண்டு வகை. செய்து காட்டும் முறையில் ஒரே கை, ஒரே பலகை என்பதால் ஒவ்வாத பொருள் கலக்காமல் பார்த்துக்கொள்வது எளிது. செய்ய வைக்கும் முறையில் நான்கு பலகையும் எட்டுக் கையும் கலந்துவிடும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அந்தப் பொருளையே அன்றைக்கு அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

சமைத்தது சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60-க்கு மேலே வைக்க வேண்டும். முன்பே செய்துவைத்த மூன்றாவது சட்டியை ருசி பார்க்கக் கொடுப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு அதற்கும்தான். ருசி பார்க்கும் ஸ்பூன் ஒரு தடவைக்கு ஒன்று.

ஆக, முதல் வகுப்புக்கு

முதல் 15 நிமிடம் அறிமுகமும் கை கழுவுவதும். அடுத்த 20 நிமிடம் ஆளுக்கு ஒரு வெங்காயம், ஒரு கத்தி, ஒரு பலகை. அவர்கள் கையில் கொடுக்கும் ஒரே வேலை இதுதான். தீ இல்லை, தவறினால் நஷ்டமும் இல்லை, ஆனால் வீட்டுக்குப் போனதும் நினைவிருப்பது இதுவாகத்தான் இருக்கும். எட்டு வெங்காயம் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். முதல் சட்டிக்கு அதுவே போதும். பிறகு 45 நிமிடம் மூன்று சட்டியும் சோடா கிண்ணமும். அடியில் ஒட்டியதை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுப்பதை நீங்களே செய்து காட்டுங்கள். கொதிக்கும் 20 நிமிடம் கேள்விகளுக்கு. மிச்சம் 20 நிமிடம் சாப்பிட.

செய்முறைத் தாளை முடிந்த பிறகு கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் தலை தாளிலேயே கிடக்கும். பெயரும் அளவும் மட்டுமுள்ள பட்டியல் வேண்டுமானால் முன்னால் தரலாம். இதே வகுப்பை மூன்று தடவை நேரத்துக்கு முடித்து, உதவிக்கும் ஓர் ஆள் அமைந்துவிட்டால், நான்காவதை ஆம்லெட்டோடு செய்ய வைக்கும் வகுப்பாக மாற்றலாம்.