மார்த்தாண்டத்தில் ஒரு தேன் கடை

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் சந்தைக்குப் போகும் வழியில், ஒரே ஒரு ஷட்டர் அகலமுள்ள சிறிய தேன் கடை ஒன்றில் மூன்று வருடமாக வாங்கி வருகிறேன். களியக்காவிளையிலிருந்து அதற்கென்றே பஸ் ஏறிப் போகிறேன் என்றால், தேனின் ருசி மட்டும் அதற்குக் காரணமல்ல.

1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் ஏழை விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. 2023இல் மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடும் பெற்றது. அந்தப் பெயரை நம்பி முன்பு நெடுஞ்சாலையோரக் கடையொன்றில் வாங்கிய பாட்டில் இரண்டே வாரத்தில் நுரைத்துப் புளித்தது. கேட்கப் போனபோது, டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் அடியில் போய் நின்றதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

நான் இப்போது வாங்கும் கடையின் அக்காவிடம் அதே சோதனையைச் செய்து காட்டச் சொன்னேன். "மக்களே, கெட்டிப் பாகும் அப்படித்தான் தாழும். தண்ணில விட்டு ஒண்ணும் அறிய முடியாது" என்று சொல்லி, டம்ளரை எடுக்கவே மறுத்துவிட்டார். தனக்குச் சாதகமாக முடியக்கூடிய ஒரு சோதனையை வேண்டாமென்று சொன்ன வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

இந்தப் பகுதித் தேனில் பெரும்பகுதி ரப்பர் விளைகளிலிருந்து, அதாவது தோட்டங்களிலிருந்து, வருவது. மரம் இலையுதிர்த்துத் துளிர்த்த பின், இலைக்காம்பில் ஊறும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேர்க்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையே நல்ல வரத்து. மழைக்காலத்தில் தேனீக்கள் பட்டினி கிடக்காமல் இருக்கச் சர்க்கரைக் கரைசல் வைப்பார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் ஈக்கள் அடையில் சேர்த்து வைக்கும் அந்தக் கரைசலையே பிழிந்து தேனென்று விற்றால், வீட்டில் வாங்கி வைத்திருப்பவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. தேனீப் பெட்டி வைத்தவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். கரைசல் வைக்கத் தொடங்கிய பெட்டியில் அக்காவின் குடும்பம் தேன் எடுப்பதில்லை. "அது ஈக்குள்ள சாப்பாடு" என்பதற்கு மேல் அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை.

நியாயம் செய்வது, இரக்கத்தை விரும்புவது, தேவனுக்கு முன்பாகத் தாழ்மையாக நடப்பது ஆகியவற்றைத்தான் கர்த்தர் மனிதனிடம் கேட்கிறார் என்று மீகா தீர்க்கதரிசி சொன்னதை நாங்கள் ஆராதனைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதே ஆறாம் அதிகாரத்தில், மூன்று வசனம் தாண்டினால், கள்ளத்தராசும் கள்ளப் படிக்கற்களும் வைத்திருப்பவனைச் சுத்தமானவன் என்று எண்ணுவேனோ என்று கர்த்தர் கேட்பதை அவ்வளவாக யாரும் வாசிப்பதில்லை. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்றே தொடங்குகிறது. கடவுள் எதிர்பார்க்கும் ஒழுக்கம் ஜெபத்தின் நீளத்தில் அல்ல, பிறர் சோதிக்க முடியாத இடத்தில் நாம் செய்வதில் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இந்தக் கடையும் ஒரு காரணம்.

இரக்கத்தையும் அங்கே பார்த்தேன். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைக்க ஒரு பாட்டி சின்னப் பாட்டில் கேட்டார். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதை அக்கா பொறுமையாக எடுத்துச் சொல்லி, கையில் எடுத்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தார். பாட்டி கோபத்தோடு இறங்கிப் போனார். வேறு கடையில் அவருக்குக் கிடைத்திருக்கும் என்பது அக்காவுக்கும் தெரியும்.

குறைகளும் உண்டு. மூடி சரியாக இறுகாமல் இருமுறை பையில் ஒழுகியது. அரைக்கிலோ 230 ரூபாய். பக்கத்துக் கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சரக்கு தீர்ந்துவிடுவதால், மார்ச் கடைசியில், புதுத் தேன் வந்ததும் போய் வாங்குங்கள்.