இன்குபேட்டரா, அம்மாவின் நெஞ்சா?

குறைமாதக் குழந்தைக்கு எது எப்படி இருக்கிறது என்று அதனிடமே கேட்க முடியாது. இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, முகச் சுளிப்பு, விறைத்து விரியும் விரல்கள், இவைதான் அதன் பேச்சு.

இன்குபேட்டரில் சூடும் ஈரப்பதமும் கச்சிதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சத்தம்? தீவிர சிகிச்சைப் பிரிவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பார்கள், ஒரு அலாரம் அலறினாலே அந்தக் கணக்கு போச்சு. பெட்டியின் மேல் யாராவது பேனாவை 'டொக்'கென்று வைத்தால் உள்ளே அது இடி.

நெஞ்சில் தோலோடு தோலாகப் படுத்தால் கேட்பது கருப்பையில் கேட்ட அதே துடிப்பு, குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போதுகூட வலியின் அறிகுறிகள் குறைகின்றன. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த முறை இது, அதனாலேயே ஏதோ ஏழைகளுக்கான மாற்று என்று ஒதுக்கினார்கள். அப்புறம் 2021இல், இந்தியா உட்பட 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு வெளியானது: 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளைப் பிறந்ததுமே இப்படி அணைத்துவைத்ததில் முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது.

மிகவும் மோசமான நிலையில் பெட்டி வேண்டியிருக்கும், சரி. மற்றபடி என் ஓட்டு நெஞ்சுக்குத்தான். அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம், தாடி குத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.